அறுவை சிகிச்சை வார்டிலிருந்து மனநல வார்டுக்கு: யாரிடம், எதை முதலில் கற்பது?

தளிர்:

சில ஆண்டுகள் அறுவை சிகிச்சை வார்டில் வேலை பார்த்துவிட்டு இப்போது மனநல வார்டுக்கு வந்திருக்கிறேன். அங்கே கை தானாக ஓடும். டிரெஸ்ஸிங், காயத்திலிருந்து நீர் வடிய வைக்கும் குழாய், ஐ.வி. லைன் என்று எதை எப்போது செய்ய வேண்டும் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. இங்கே காலை மருந்து கொடுத்து முடித்ததும் அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்கிறேன். "போய் நோயாளிகளோடு பேசு" என்கிறார்கள். என்ன பேசுவது? ஒருவர் தன் சாப்பாட்டில் விஷம் கலந்திருக்கிறது என்கிறார். இல்லை என்று சொன்னால் என்னையும் எதிரிகளோடு சேர்த்துவிடுகிறார். ஆமாம் என்றும் சொல்ல முடியாது.

எனக்கு மென்ட்டர் என்று ஒரு மூத்த செவிலியரை நியமித்திருக்கிறார்கள். மிகவும் நல்லவர். அவர் பக்கத்தில் போய் நின்றாலே கத்திக்கொண்டிருப்பவர் குரலைத் தாழ்த்திவிடுகிறார். "எப்படி அக்கா?" என்று கேட்டால் "போகப் போகத் தெரியும்மா" என்கிறார். அது தெரிய வரும் வரைக்கும் வார்டில் இருப்பவர்களுக்கு அரைகுறைப் பராமரிப்புத்தானே கிடைக்கும்? அதுதான் என்னை உறுத்துகிறது. முதலில் எதைப் பிடித்துக்கொள்வது, அவரிடம் எப்படிக் கேட்டால் விஷயம் கிடைக்கும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கடற்காகம்:

தளிர், நீங்கள் திறமை இழந்துவிடவில்லை. செவிலியர் கல்வியாளர் பாட்ரிசியா பென்னர் 1984-ல் செவிலியரின் திறன் வளர்ச்சியைப் புதியவர் முதல் வல்லுநர் வரை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். ஒரு துறையில் தேர்ந்தவர், பழக்கமில்லாத இன்னொரு துறைக்குப் போனால் மறுபடி முதல் படியில்தான் நிற்பார் என்பதையும் அவர் சொல்லியிருக்கிறார். பலர் இதைக் கவனிப்பதில்லை. வேறு வார்டிலிருந்து வருபவரை "அனுபவசாலிதானே" என்று தனியாக விட்டுவிடுகிறார்கள்.

கடைசிப் படியில் இருப்பவர் விதிகளை வரிசையாக யோசித்துப் பார்ப்பதில்லை. நிலைமையை ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். உங்கள் அக்கா எதையும் மறைக்கவில்லை, அவர் செய்வது அவருக்கே தெரியாத அளவுக்குப் பழகிவிட்டது. அதனால் "எப்படி" என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது. "எதைப் பார்த்து" என்று கேளுங்கள். வாசலில் ஒரு கணம் நின்றீர்களே, எதைப் பார்த்தீர்கள்? அவருக்கு நேர் எதிரே நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நின்றது ஏன்? டிவியை அணைக்கச் சொன்னது எதற்காக? சம்பவம் முடிந்த சில நிமிடங்களுக்குள் கேட்டால் விவரம் வரும். மாலையில் கேட்டால் அது "அனுபவம்மா" என்று சுருங்கிவிடும்.

என் கருத்தை உறுதியாகவே சொல்கிறேன். மனநல வார்டில் வழிகாட்டுவது என்றால் மூத்தவர் தன் மனதுக்குள் ஓடுவதை வாய்விட்டுச் சொல்வதுதான், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. ஐ.வி. போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொள்ளலாம். ஒருவரோடு பேச உட்காரும்போது ஏன் கதவுக்கு அருகில் இருந்த நாற்காலியைத் தேர்ந்தெடுத்தார், எந்தச் சொல் வந்ததும் பேச்சை மாற்றினார் என்பதையெல்லாம் பார்த்துக் கற்க முடியாது. அவர் சொன்னால்தான் உண்டு.

"பேசு" என்றால் என்ன பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். நோயாளிக்கும் செவிலியருக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் மையம் என்று 1952-ல் எழுதியவர் மனநலச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவ். அந்த உறவில் செவிலியர் ஏற்கும் பாத்திரங்களில் முதலாவதாக அவர் வைத்தது "அந்நியர்". முதல் நாட்களில் நீங்கள் அவர்களுக்கு அந்நியர்தான், இல்லாத நெருக்கத்தைக் காட்டத் தேவையில்லை. உங்கள் பெயரையும், எத்தனை மணி வரை இருப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் வருகிறேன் என்றால் பத்து நிமிடத்தில் வந்து நில்லுங்கள். யாரையும் நம்ப முடியாத நிலையில் இருப்பவர் உங்கள் பேச்சை விட அதைத்தான் கவனிப்பார்.

ராக்கோழி:

கடற்காகம் அக்கா சொன்னது எல்லாம் சரி. நான் ஒண்ணு சேர்க்கிறேன். தளிர், சர்ஜிக்கல்ல கத்துக்கிட்டதை வாசல்லயே விட்டுட்டு உள்ள வந்துடாதீங்க. இங்க அதுக்குத்தான் தட்டுப்பாடு.

தீவிர மனநோய் உள்ளவங்க மத்தவங்களை விட 10லேருந்து 20 வருஷம் முன்னாடியே இறந்துடறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதுல பெரும்பகுதி இதய நோய், சர்க்கரை, நுரையீரல் நோய் மாதிரி உடம்பு நோய்ங்கதான். நெஞ்சு வலிக்குதுன்னு ஒருத்தர் சொன்னா "அவர் எப்பவும் அப்படித்தான்"னு கடந்து போறதை நான் நிறைய பார்த்திருக்கேன். சர்ஜிக்கல்லேருந்து வந்த உங்களுக்கு அப்படிக் கடந்து போக மனசு வராது. அந்தப் பழக்கத்தை விட்டுடாதீங்க.

குடியை நிறுத்தி ரெண்டு மூணு நாள் ஆன ஒருத்தர் சுவத்துல பூச்சி ஊருதுன்னு அலறுறார்னு வைங்க. மனநோய்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி நாடியைப் பிடிங்க, டெம்பரேச்சரும் பி.பி.யும் பாருங்க. கை நடுக்கம், வியர்வை, காய்ச்சல், எங்க இருக்கோம்கிறதே தெரியாத குழப்பம் இதெல்லாம் சேர்ந்து வந்தா டெலிரியம் ட்ரெமன்ஸா இருக்கலாம், அதாவது குடியை நிறுத்தினதால வர்ற கடுமையான குழப்ப நிலை. உயிருக்கே ஆபத்து. டாக்டரை உடனே கூப்பிடணும்.

ஹாலோபெரிடால்ங்கிற ஆன்டிசைக்கோட்டிக் (பிரமை, வெறி மாதிரி அறிகுறிகளைக் குறைக்கிற மருந்து) ஊசி போட்ட பிறகு ஒருத்தர் உக்கார முடியாம வராண்டாவுல நடந்துக்கிட்டே இருப்பார். வெறி அடங்கலைன்னு இன்னொரு டோஸ் கொடுத்தா இன்னும் மோசமாகும், ஏன்னா அது அந்த மருந்தாலேயே வர்ற அகதீசியாவா, அதாவது அசையாம இருக்க முடியாத தவிப்பா இருக்கலாம். "உள்ளுக்குள்ள தவிப்பா இருக்கா? காலை அசைக்காம இருக்க முடியலையா?"ன்னு கேட்டுட்டு, சொன்னதை அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுங்க. கழுத்து ஒரு பக்கமா இழுத்து, கண்ணு மேல செருகி நின்னா அது டிஸ்டோனியா, மருந்தால தசை இழுத்துப் பிடிக்கிறது. நடிக்கிறார்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. காய்ச்சல், உடம்பு இரும்பா விறைச்சுப் போறது, குழப்பம் மூணும் சேர்ந்து வந்தா அடுத்த டோஸ் ஆன்டிசைக்கோட்டிக்கைக் கொடுக்காம நிறுத்தி வச்சுட்டு அப்பவே டாக்டருக்கு போன் போடுங்க.

மனநிலை ஏத்த இறக்கத்தைச் சீராக்குற லித்தியம் மருந்தைச் சாப்பிடுறவருக்கு வாந்தி பேதின்னா சாதாரண வயித்துக் கோளாறுன்னு விட்டுடக் கூடாது. நீர்ச்சத்து குறைஞ்சா ரத்தத்துல லித்தியம் ஏறும். ஏறின லித்தியமே வாந்தி பேதியையும் உண்டாக்கும். தொடர் சிகிச்சையில ரத்தத்துல இருக்க வேண்டிய அளவு பொதுவா லிட்டருக்கு 0.6லேருந்து 1.0 மில்லிமோல், 1.5-ஐத் தாண்டினா விஷம். கை பெருசா நடுங்குறது, நாக்கு குழர்றது, தள்ளாட்டம் எல்லாம் அப்ப வரும். ரத்தம் எடுக்கிறதும் கடைசி டோஸ் கொடுத்து 12 மணி நேரம் கழிச்சு எடுக்கணும், இல்லன்னா அந்த எண்ணை நம்ப முடியாது. மூட்டு வலிக்குன்னு வெளியே வாங்கின இபுப்ரோஃபென் கூட அளவை ஏத்திடும்.

குளோசபின்னு இன்னொரு ஆன்டிசைக்கோட்டிக் இருக்கு, அதுல ரத்த வெள்ளணு குறையலாம்கிறது எல்லாருக்கும் தெரியும். மலச்சிக்கலைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. குடல் அசைவே நின்னு போய் உயிர் போகலாம். மலம் போச்சான்னு தினமும் கேளுங்க, வயிறு உப்பியிருக்கான்னு பாருங்க. வார்டுக்கு வந்ததும் சிகரெட்டை நிறுத்தினவருக்கு அதே டோஸ்லயே ரத்தத்துல குளோசபின் அளவு ஏறும்கிறதையும் ஞாபகம் வச்சுக்குங்க.

நெடுவழி:

விஷம் கலந்த சாப்பாட்டுக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. என் வழக்கத்தைச் சொல்கிறேன். அந்த நம்பிக்கை சரியா தவறா என்ற வழக்குக்குள்ளேயே போக மாட்டேன். அடியில் இருக்கும் பயம் உண்மையானது, அதோடு பேசுவேன். "சாப்பிடவே பயமா இருக்குன்னு புரியுது. இதுல விஷம் இருக்கிறதா எனக்குத் தோணல. ஆனா நேத்து ராத்திரியிலிருந்து நீங்க ஒண்ணும் சாப்பிடல, அதுதான் எனக்குக் கவலையா இருக்கு. எப்படிக் கொடுத்தா உங்களால சாப்பிட முடியும்?" உறை பிரிக்காத பொருள், உரிக்காத பழம், பொதுப் பாத்திரத்திலிருந்து அவரே எடுத்துப் போட்டுக்கொள்வது என்று ஏதாவது ஒரு வழி அவர் வாயிலிருந்தே வரும்.

குரல் கேட்பவரிடமும் இப்படித்தான். "எனக்குக் கேட்கல, உங்களுக்குக் கேட்குதுன்னு தெரியுது" என்று சொல்லிவிட்டு, குரல் என்ன சொல்கிறது என்று கேட்டே ஆக வேண்டும். தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்கிறதா, அதற்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று தோன்றுகிறதா என்பது தெரியாமல் அந்த ஷிஃப்டை முடிக்கக் கூடாது.

தற்கொலை எண்ணத்தை நேராகக் கேளுங்கள். "தப்பான நினைப்பு எதுவும் இல்லையே?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலை நாமே அவர் கையில் கொடுத்துவிடுகிறோம். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்பதுதான் கேள்வி. ஆமாம் என்றால் எப்படி, எப்போது, கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்று தொடர வேண்டும். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. இது பல ஆய்வுகளில் பார்க்கப்பட்ட விஷயம். கேட்டதும் பெருமூச்சு விட்டுப் பேசத் தொடங்குகிறவர்கள்தான் அதிகம். மனச்சோர்வில் படுத்தே கிடந்தவர் எழுந்து நடமாடத் தொடங்கும்போதும், வீட்டுக்குப் போன முதல் சில வாரங்களிலும் கூடுதல் கவனம் தேவை.

இந்த வாக்கியங்களை நோயாளியிடம்தான் முதன்முதலில் சொல்ல வேண்டும் என்பதில்லை. உங்கள் மென்ட்டரை எதிரே உட்கார வைத்துச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். முதல் தடவை குரல் உள்ளே போய்விடும். நாலைந்து தடவை சொன்னால் சாதாரணக் குரலில் வரும்.

தளிர்:

மூவருக்கும் நன்றி. "எதைப் பார்த்தீர்கள்" என்று அக்காவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார்: தாடை இறுகியிருந்ததாம், காலையிலிருந்து ஒரே பக்கத்துச் சுவரை ஒட்டியே நடந்தாராம், வழக்கமாகச் சொல்லும் வணக்கத்தைச் சொல்லவில்லையாம். இதையெல்லாம் நானும் அதே வராண்டாவில் நின்றுகொண்டுதான் பார்த்தேன், ஆனால் எனக்கு எதுவும் தெரியவில்லை.

இன்னொரு சந்தேகம். "உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்கள்" என்று ஒரு பெண் கேட்கிறார். மறுத்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடுமே?

நெடுவழி:

சத்தியம் வேண்டாம் தளிர். சொல்லும் முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: "உங்க உயிருக்கோ வேற யாருக்கோ ஆபத்து வர்ற விஷயம்னா என்னோட டீம்ல சொல்லியாகணும். அப்படிச் சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன். மத்தவங்க பொழுதுபோக்கா பேசுற விஷயமா அது ஆகாது." பெரும்பாலானோர் அதற்குப் பிறகும் சொல்வார்கள். "உங்களிடம் மட்டும்" என்று வருவதை எல்லாம் மென்ட்டரிடம் எடுத்துப் போங்கள். ஒரே நோயாளி ஒரே செவிலியரிடம் மட்டும் ஒட்டிக்கொள்வது இருவருக்கும் நல்லதில்லை.

மணல்மேடு:

நான் வார்டு பொறுப்பில் இருக்கிறேன். மூத்தவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அட்மிஷன், டிஸ்சார்ஜ், கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டிய காகிதம் என்று அவர் கழுத்தளவு வேலையில் இருக்கும்போது யார் நின்று பேசுவது? இரண்டாவது, புதியவர் தனியாக ஷிஃப்ட் பார்க்கத் தயாரா என்று யாராவது ஒருவர் எனக்கு எழுதித் தந்தாக வேண்டும். அருகிலிருந்து பார்ப்பவர் மென்ட்டர்தான். அதனால் மதிப்பீடும் அவரே செய்வதுதான் நியாயம். நோயாளிகளின் பாதுகாப்பு இதில் இருக்கிறது.

கடற்காகம்:

மணல்மேடு, இரண்டாவதில் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. பிரிஜிட் ப்ராக்டர் மேற்பார்வைக்கு மூன்று பணிகள் சொன்னார்: திறனை வளர்ப்பது, தரத்தைக் காப்பது, வேலை செய்பவரைத் தாங்கிப் பிடிப்பது. நீங்கள் கேட்பது தரத்தைக் காப்பது. அது கட்டாயம் வேண்டும். ஆனால் மூன்றையும் ஒருவரிடமே கொடுத்தால் கடைசியில் உள்ளது செத்துப்போகும். "அந்த அறைக்குள் போக எனக்குப் பயமாக இருக்கிறது", "அவரைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது" என்பதைத் தனக்கு மதிப்பெண் போடுபவரிடம் எந்தப் புதியவர் சொல்வார்? சொல்லாத பயம் நோயாளியிடம் கடுமையாக வெளிப்படும், இல்லையென்றால் அவர் அந்த அறைப் பக்கமே போகாமல் ஒதுங்கிவிடுவார். நோயாளிக்கு இரண்டுமே கெடுதல். நீங்கள் சொன்ன அதே பாதுகாப்பைத்தான் நானும் சொல்கிறேன்.

ஊசிக்குப் பின் கண்காணிப்பு, ஆபத்து மதிப்பீடு, குறிப்பு எழுதுதல் போன்றவற்றை மென்ட்டர் பார்த்துக் கையெழுத்திடட்டும், எதற்குக் கையெழுத்து என்பது புதியவருக்கு முன்பே தெரிந்திருக்கட்டும். மனதில் உள்ளதைப் பேச வேறொருவர் இருக்கட்டும், பக்கத்து வார்டுக்காரராக இருந்தால் இன்னும் நல்லது. நோயாளிக்குத் தீங்கு நேரும் விஷயம் தவிர அங்கே பேசுவது எதுவும் உங்கள் மேசைக்கு வரக் கூடாது.

மணல்மேடு:

பக்கத்து வார்டுக்காரர் என்பதை நான் யோசிக்கவில்லை. அது என்னால் முடியும், பேசி ஏற்பாடு செய்கிறேன். நேரத்துக்கும் ஒரு வழி தெரிகிறது. ட்யூட்டி மாறும்போது இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் வார்டில் இருக்கும் இடைவெளியில் மென்ட்டரையும் புதியவரையும் கொஞ்ச நேரம் விடுவித்துவிடலாம். ஆனால் அது பட்டியலில் எழுதப்பட்டிருக்க வேண்டும். "நேரம் கிடைத்தால்" என்று விட்டால் நேரம் கிடைக்காது, அது எனக்கே தெரியும். மதிப்பீடு மட்டும் மென்ட்டரிடமேதான் இருக்கும்.

ராக்கோழி:

அப்படி எழுதி வைக்கிற நேரத்துல செய்யுறதுக்கு ஒரு பயிற்சி. நார்வேயில உருவான ப்ரோசெட் பட்டியல் இருக்கு. குழப்பம், எரிச்சல், ஆர்ப்பாட்டம், வாய்மிரட்டல், உடல்மிரட்டல், பொருட்களைத் தாக்குறது. இந்த ஆறும் இருக்கா இல்லையான்னு குறிச்சா அடுத்த 24 மணி நேரத்துல வன்முறை வர்ற வாய்ப்பை ஓரளவு கணிக்கலாம். மென்ட்டரும் புதுசா வந்தவங்களும் ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் பார்க்காம தனித்தனியா குறிங்க. அப்புறம் எங்க வித்தியாசப்படுதோ அதை மட்டும் பேசுங்க. "எரிச்சல்னு போட்டீங்களே, எதை வச்சு?" கடற்காகம் அக்கா சொன்ன வாய்விட்டுச் சொல்றது இங்க தானா நடக்கும்.

அடக்கிப் பிடிக்கிறதைக் கத்துக்கிறதுக்கு முன்னாடி, அது தேவைப்படாம பார்த்துக்கிறதைக் கத்துக்கணும். வார்டுல மோதலைக் குறைக்கிறது பத்தி ஆய்வாளர் லென் பவர்ஸ் குழுவோட சேஃப்வார்ட்ஸ் ஆய்வு 2015-ல் வந்துச்சு. 31 வார்டுகள். கெட்ட செய்தியை முன்கூட்டியே பக்குவமா சொல்றது, ஒவ்வொரு ஹேண்ட்ஓவர்லயும் (ஷிஃப்ட் மாறும்போது நோயாளி விவரத்தை ஒப்படைக்கிறது) ஒவ்வொருத்தரைப் பத்தியும் ஏதாவது நல்லதா ஒண்ணு சொல்றது மாதிரி பத்து எளிய நடைமுறைகள்தான். மோதல் சம்பவங்கள் 15 சதவீதமும், பிடிச்சு அடக்குறது மாதிரி கட்டுப்பாட்டு நடவடிக்கைகள் ஏறக்குறைய கால்வாசியும் குறைஞ்சுது. பெரும்பாலான சண்டை "முடியாது"ன்னு நாம சொல்ற விதத்துலதான் ஆரம்பிக்குது. வீட்டுக்கு போன் பேசணும்னு கேக்கிறவர்கிட்ட "இப்ப முடியாது, நாலு மணிக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன்"னு சொல்லிட்டு, நாலு மணிக்குப் போய் நிக்கணும்.

பிடிச்சே ஆகணும்கிற நிலைமை வந்தா குப்புறப் போட்டு முதுகுல அழுத்துறதை அனுமதிக்காதீங்க, மூச்சு நின்னுடும். ஒருத்தர் தலைப்பக்கம் நின்னு மூச்சையும் முகத்தையும் மட்டுமே பார்க்கணும், பேசிக்கிட்டே இருக்கணும். ஊசி போட்டுத் தூங்கிட்டார்னா அப்பதான் கண்காணிப்பே ஆரம்பிக்குது: சுவாசம், நாடி, பி.பி., ஆக்ஸிஜன் அளவு. ஓலன்சபின் (ஆன்டிசைக்கோட்டிக்) ஊசியையும் லோரசெபாம் (பதற்றத்தைத் தணிக்கிற மருந்து) ஊசியையும் ஒண்ணா போடச் சொன்னா கையை நிறுத்திட்டு டாக்டர்கிட்ட திரும்பக் கேளுங்க.

அடி வாங்கின ஜூனியரை "நோட்ஸை முடிச்சுட்டுப் போ"ன்னு உக்கார வைக்கிறது கொடுமை. முதல்ல காயத்தைப் பாருங்க, வேற ஆளை மாத்தி விடுங்க, மறுநாள் போன் பண்ணுங்க. "நீ என்ன பண்ணியிருக்கலாம்"ங்கிற பேச்சு அப்புறம்.

புதுநாற்று:

நானும் புதியவள்தான். 15 நிமிடத்துக்கு ஒருமுறை கண்காணிப்பு என்று ஒருவருக்குப் போட்டிருக்கிறார்கள். இரவில் எட்டிப் பார்த்து டிக் போடுவது போதுமா?

ராக்கோழி:

போதாதும்மா. போர்வை ஏறி இறங்குறதைப் பார்க்கணும், மூச்சு தெரியலைன்னா கிட்டப் போகணும். சரியா 00, 15, 30, 45-னு போனா உள்ள இருக்கிறவருக்கு நடுவுல எவ்வளவு நேரம் இருக்குன்னு தெரிஞ்சுடும். 15 நிமிஷத்தைத் தாண்டாம, ஆனா முன்னப்பின்ன மாத்தி மாத்திப் போங்க. போகாத நேரத்துக்கு டிக் போடவே கூடாது, எவ்வளவு வேலை இருந்தாலும். முடியலைன்னா முடியலைன்னு பொறுப்பாளருக்கு அப்பவே சொல்லி ஆள் கேளுங்க. பகல்ல அவர் முழிச்சிருந்தா கடந்து போகாம ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்க.

தளிர்:

ட்யூட்டி மாறும் நேரத்தைப் பற்றிப் பேச எங்கள் பொறுப்பாளரிடம் நாளைக்கே போகிறேன். தனித்தனியாகக் குறித்து ஒப்பிடும் பயிற்சிக்கு அக்கா ஒத்துக்கொண்டுவிட்டார். மீதி ஹேண்ட்ஓவர்தான். "அமைதியாக இருந்தார், புதிதாக ஒன்றும் இல்லை" என்பதைத் தாண்டி எனக்கு வாயில் வரவில்லை. என்னதான் சொல்வது?

நெடுவழி:

முந்தைய ஷிஃப்டோடு ஒப்பிட்டு என்ன மாறியது, நீங்கள் எதைக் கண்ணால் பார்த்தீர்கள், அடுத்தவர் என்ன செய்ய வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் போதும். "மூர்க்கமாக இருந்தார்" என்று தீர்ப்பு வேண்டாம். "மாத்திரையைத் தட்டிவிட்டார், 'எல்லாரையும் பார்த்துக்கிறேன்' என்றார், பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்தபின் வாங்கிக்கொண்டார்" என்று நடந்ததைச் சொல்லுங்கள்.

விஷம் என்று சொன்னவரைப் பற்றி இப்படிச் சொல்லலாம்: "மூன்றாம் படுக்கை. நேற்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. இன்று மதியம் உரிக்காத வாழைப்பழமும் மூடி திறக்காத பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொண்டார், தட்டுச் சாப்பாட்டைத் தொடவில்லை. சாப்பாட்டைப் பற்றிய பயம் அப்படியேதான் இருக்கிறது, குரல் எதுவும் கேட்கவில்லை என்கிறார். தன்னைக் காயப்படுத்தும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்டேன், இல்லை என்றார். காலையில் எடை குறைந்திருந்தது, டாக்டருக்குச் சொல்லியாகிவிட்டது. இரவு சாப்பாட்டை அவரே எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும், யாரும் வற்புறுத்த வேண்டாம். சிறுநீர் எவ்வளவு போகிறது என்று குறித்து வையுங்கள். தம்பி பெயரைச் சொல்லிப் பேசினால் முகம் மலர்கிறது, அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம்."